ஊரைத் தூங்க வைத்தவர்

1991 ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. சமையலறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் ஏதோ ஓர் ஊரைக் கடந்ததுபோல் இருக்கிறது. பாதி வழியில், எதற்காகக் கிளம்பினேன் என்று மறந்துபோய் நிற்கிறேன். ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தோம். ஆறு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தோம். அண்ணன் தம்பி முறைத்துக்கொண்டால் ஓர்ப்படிகளும் பேசக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அதனால்தான் எழுதுகிறேன். பெரியவருக்குத் தெரிய வேண்டாம்.

அன்றைக்கு நம் மருந்துக் கடையில் என்னதான் நடந்தது என்று இவரைக் கேட்டேன். துறைமுகத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிற ஒருவர் வந்து, பகலில் கண்ணை மூட முடியவில்லை என்று கெஞ்சினாராம். டாக்டர் சீட்டு இல்லை. இவர் பாவம் பார்த்து நீல மாத்திரையில் ஒரு அட்டை எடுத்துக் கொடுத்தாராம். பெரியவர் பார்த்துவிட்டு வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டி, "கடையை நீயே வச்சுக்கடா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாராம். ஒரு அட்டைக்காகவா அக்கா?

கோட்டு இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. இப்போது இவர் அதைப் போட்டுக்கொள்கிறார். தெருவில் எல்லோரும் "டாக்டர், டாக்டர்" என்கிறார்கள். பள்ளி இறுதித் தேர்வை மூன்று முறை எழுதியவர், கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கிறார். நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருவேன். அங்கே நீங்கள் இல்லையே என்று அப்போதுதான் உறைக்கும்.

உங்கள் தங்கச்சி

*

1991 ஜூன் 27

தங்கச்சிக்கு,

கடிதத்தைத் தபால்காரரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்ததே பெரியவர்தான். உறையில் உன் எழுத்தையும் பார்த்துவிட்டார். உன் ரகசியம் வாசலோடு போயிற்று.

ஒரு அட்டைக்காக யாரும் அப்பா வைத்துக் கொடுத்த கடையை விட்டுவிட்டு வர மாட்டார்கள். பின்னறையில், பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால், பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இவ்வளவும் யாருக்குடா?" உன் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "தூக்கம் வராதவங்க இந்த ஊர்ல கொஞ்ச பேராண்ணா?" என்றார். நான் கதவருகில் நின்றிருந்தேன். அந்தச் சிரிப்பில் இவர் முகம் வெளுத்துப் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

சின்னவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். "அண்ணி, அண்ணி" என்று என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தவர்தானே. யாராவது வலிக்கிறது என்றால் அவருக்குப் பொறுக்காது. உடனே எதையாவது எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் எனக்குப் பயம்.

இங்கே மலை. காலை பத்து மணி வரை எதிர்வீடு தெரியாது. இவருக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை, எனக்கு அதே ஆஸ்பத்திரியில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்கிற வேலை. நீ ஒன்று மட்டும் செய். அந்த மாத்திரையை வீட்டுக்குள் விடாதே.

அக்கா

*

1993 ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா? கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேல் ஒரு வெள்ளை வீடு. ஜன்னல்கள் எல்லாம் தரையிலிருந்து ஆரம்பிக்கின்றன. காற்று வந்தால் திரைச்சீலைகள் அறைக்குள் நீந்துகின்றன. நானும் அவற்றுக்கு நடுவே நீந்திக்கொண்டுதான் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகிறேன்.

மூடிக்கிடந்த சோப்பு ஃபாக்டரியை இவர் வாங்கிவிட்டார். மாத்திரையை இனி யாரிடமும் வாங்குவதில்லை, அங்கேயே செய்கிறார்கள். ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார். சுவரெல்லாம் இன்னும் சோப்பு வாசனை. மாத்திரைகள் தகரத் தட்டில் விழுகிற சத்தம் மழை மாதிரி. கப்பல்காரர் என்று ஒருவர், இவருக்குக் கூட்டாளி. அவருடைய படகுகள் இரண்டு நாளைக்கு ஒரு முறை வந்து ஏற்றிக்கொண்டு எந்தெந்தத் துறைமுகத்துக்கோ போகின்றன. சுங்க அதிகாரி எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார். போலீஸ்காரர்கள் இவருடைய காருக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். எல்லோரும் "டாக்டர்" என்கிறார்கள், எனக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை.

ஊர் எப்படி ஆகிவிட்டது என்று நீங்கள் பார்க்க வேண்டும். தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஊர் மாதிரி. நம் தையற்காரர் மிஷின்மேல் தலை சாய்த்துத் தூங்குகிறார், கால் மட்டும் மெல்ல மிதித்துக்கொண்டே இருக்கிறது. நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் தூக்கிய கையை இறக்க மறந்து நிற்கிறார். வண்டிகளும் அவசரப்படாமல் நிற்கின்றன. சண்டையே கிடையாது. எல்லோர் முகத்திலும் ஒரு சின்னச் சிரிப்பு. சில நாள் அது அழகாகக்கூட இருக்கிறது.

நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. இவர் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டு, முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். "இது நம்ம வீட்டுப்படி ஏறக் கூடாது. சாப்பிட்டவன் என்ன ஆவான்னு எனக்குத் தெரியும்" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

மலையில் குளிருமே என்று ஒரு கம்பளிக் கோட்டு அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கச்சி

*

1993 மே 30

தங்கச்சிக்கு,

கோட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அளவு கச்சிதமாக இருந்தது. ஒரு நாள் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் ஊரிலிருந்து மலையேறி வந்த பஸ் ஒன்று வளைவில் திரும்பாமல் நேராகப் போய்விட்டது. நேராகப் போனால் பள்ளம். டிரைவருக்குக் கண் திறந்தேதான் இருந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். சட்டைப் பையில் நீல அட்டை. அவர்கள் படுத்த விரிப்புகளை நான்தான் மாற்றினேன். தைத்துச் சரிசெய்கிற நிலையில் எதுவும் இல்லை, எரிக்கச் சொன்னார்கள்.

பெரியவர் அந்த மாத்திரையைக் கையில் வைத்துப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கான்" என்றார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார், சாப்பிடவில்லை.

உன் வீட்டுக்காரர் "எனக்குத் தெரியும்" என்றாரே, அதை இன்னொரு தடவை படித்துப் பார். உனக்கு அப்பாடா என்று இருந்ததாம். நான் அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

எழுதாதே என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஊர் அழகாகத் தூங்குகிறது என்று இனிமேல் எனக்கு எழுதாதே.

அக்கா

*

1995 அக்டோபர் 2

அக்கா,

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

நம் பழைய தெருவில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறார்களே, அவர்களுடைய பெண்ணை ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் போகும்போது பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் கல்லூரி. தினமும் காலையில் ரொட்டிப் பையோடு எங்கள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வருவாள். போன செவ்வாய்க்கிழமை அவள் எழுந்திருக்கவில்லை. பரீட்சைப் பயத்தில் தூக்கம் வரவில்லை என்று தோழியிடம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். தலையணைக்கு அடியில் அட்டை இருந்தது.

நான் போனேன். ரொட்டிக்காரம்மா மாவு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "பொழுது விடியறதுக்கு முன்னாடியே பிசைஞ்சு வச்சிட்டேன். பொங்கிடுச்சு. சுட்டுத்தானே ஆகணும்?" என்றார். சுட்டார். அன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு ரொட்டி வந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். இவரும் சாப்பிட்டார். "பாவம், நல்ல பொண்ணு" என்றார். கண் கலங்கியிருந்தது. பொய்க் கண்ணீர் இல்லை அக்கா, எனக்கு அவரைத் தெரியும். அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் முதல் தடவையாக எனக்கு அவரிடம் பயம் வந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

தங்கச்சி

*

1995 அக்டோபர் 29

அக்காவுக்கு,

இன்றைக்கு மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து சோபாவில் உட்கார்ந்திருக்கிறது. நான் எழுப்பவில்லை. கடல்கூட மெதுவாகப் படியேறி வருகிறது, அதற்கும் களைப்பாகத்தானே இருக்கும்.

இப்போது நன்றாகத் தூங்குகிறேன். இவர் எனக்கென்று ஒன்று கொண்டுவந்தார். நீலம் இல்லை, வெள்ளை, சட்டைப் பொத்தான் மாதிரி. "உனக்குன்னு தனியா செய்யச் சொன்னேன். இதுல ஒண்ணும் ஆகாது" என்றார். அப்படியானால் நீலத்தில் என்ன ஆகும் என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா, நினைவில்லை. கையில் வைத்துத் தண்ணீரும் அவரே கொடுத்தார். முதலில் ஒன்று. இப்போது எத்தனை என்று பார்ப்பதில்லை. திரைச்சீலைகள் என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையில் விடுகின்றன.

ஒரு விஷயம் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ரொட்டிக் கடைக்காரர் பெண்ணைத் தெரியுமில்லையா? போன செவ்வாய்க்கிழமை அவள் எழுந்திருக்கவில்லை. அவளுடைய அம்மா மாவு மேசைக்கு முன்னால்

*

1995 நவம்பர் 11

தங்கச்சி,

ஒரே மாதத்தில் இரண்டு கடிதம். இரண்டிலும் அந்தப் பெண் "போன செவ்வாய்க்கிழமை"தான் சாகிறாள். கடைசிக் கடிதத்தில் வரிகள் மாடிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போய்க் காகிதத்துக்கு வெளியே விழுந்துவிட்டன. கையெழுத்துக்கூடப் போடவில்லை.

பெரியவரிடம் காட்டினேன். உடனே போய் ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். போக ஒன்று, திரும்பி வர இரண்டு.

வியாழக்கிழமை வருகிறேன். வாசலில் யார் நின்றாலும் நிற்கட்டும். சின்னவர் தடுத்தால் "அண்ணி வந்திருக்கேன், தள்ளு" என்பேன். என்னைத் தள்ளிவிடுகிற தைரியம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நீ ஒன்றும் எடுத்து வைக்க வேண்டாம். எழுந்து உட்கார்ந்திரு, போதும்.

அக்கா

*

1996 ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை எடுத்திருக்கிறேன். கட்டில், மேசை, ஒரு ஜன்னல். திரைச்சீலை இல்லை.

உங்கள் வீட்டில் கிடந்த அந்தக் குளிர்காலத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். பெரியவர் பிளேடால் மாத்திரையைப் பாதியாக்கி, காலாக்கி, கடைசியில் பிளேடில் ஒட்டிய பொடியை மட்டும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாரே. என்னென்ன வார்த்தை சொல்லி அவரைத் திட்டினேன்! "திட்டு, திட்டு. நாக்காவது முழிச்சுக்கிச்சே" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இவரைப் போலீஸ் பிடித்த கதையை எங்கள் வீட்டு வாட்ச்மேன் வந்து சொன்னார். அன்றைக்கு நீங்கள் என்னைக் கையைப் பிடித்துக் காரில் ஏற்றியபோது இவர் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரே, அதற்குப் பிறகு ஃபாக்டரிக்குப் போவதையே குறைத்துவிட்டாராம். வாசலில் கை கழுவுவதையும் விட்டுவிட்டாராம். என் டப்பாவில் மிச்சம் இருந்ததை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். கப்பல்காரர் வந்து பேசுவார், இவர் பாதியில் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த கப்பல்காரர், மூன்றாம் மாதம் ஃபாக்டரியின் சாவியைத் தன் ஆளிடம் கொடுத்துவிட்டார். தன்மேல் வழக்கு வராமல் இருக்க இவரைக் காட்டிக்கொடுத்ததும் அவர்தான் என்று ஊரே சொல்கிறது. போலீஸ் வந்தது பட்டப்பகலில். கதவு திறந்துதான் இருந்ததாம். கட்டிலில் நான் படுக்கிற பக்கம் படுத்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தாராம். உலுக்கி உலுக்கிப் பார்த்துவிட்டு, கட்டிலோடு வாசல் வரை தூக்கி வந்து ஜீப்பில் கிடத்தினார்களாம். "ஊரையே தூங்க வச்சவரும்மா, அவரை எழுப்ப நாலு பேரு பத்தல" என்று சொல்லிவிட்டு வாட்ச்மேன் அழுதார்.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். இவருடைய வக்கீல் தினமும் வருகிறார். "உங்க வீட்டுக்காரர் அதை வெறும் தூக்க மருந்துன்னுதான் நினைச்சார், கெடுதல்னு அவருக்குத் தெரியாது. நீங்க இத மட்டும் சொன்னா போதும், தண்டனை பாதியாயிடும்" என்கிறார். அரசு வக்கீலும் வந்தார். அவர் ஒன்றும் சொல்லித்தரவில்லை. "கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்கம்மா" என்றார்.

பத்து வருஷம் அவரோடு வாழ்ந்திருக்கிறேன் அக்கா. எனக்குத் தலைவலி என்றால் அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

தங்கச்சி

*

1996 செப்டம்பர் 3

தங்கச்சிக்கு,

என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தர மாட்டேன். எழுதினால் நாளைக்கு அது என் வார்த்தையாகிவிடும். கூண்டில் ஏறி நிற்கப் போவது நீ.

பெரியவரிடம் கேட்டேன். குளிருக்கு வெந்நீரில் விட்டிருந்த கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அவ உண்மையைச் சொன்னாலும் இந்த வீட்டுல அவளுக்கு ஒரு தட்டு இருக்கு. பொய் சொன்னாலும் இருக்கு. அதை முதல்ல எழுதிடு." எழுதிவிட்டேன்.

அப்புறம், நீ கேட்கச் சொன்ன மன்னிப்பையும் கேட்டேன். நீ திட்டியதில் இரண்டு வார்த்தைக்கு இன்னும் அர்த்தம் தெரியவில்லை, உன்னிடமே கேட்டுச் சொல்லச் சொன்னார்.

அக்கா

*

1996 நவம்பர் 22

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

"அது என்ன செய்யும்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். எப்படிச் சொல்கிறீர்கள் என்றார்கள். வாசலில் கை கழுவியதைச் சொன்னேன். வீட்டுப்படி ஏறக் கூடாது என்று அவர் சொன்னதை, அதே வார்த்தையில் சொன்னேன். எனக்காகத் தனியாக வெள்ளை மாத்திரை செய்யச் சொன்னதையும் சொன்னேன். இவருடைய வக்கீல் எழுந்து, "உங்கமேல இருந்த பிரியத்துலதானே செஞ்சார்?" என்றார். ஆமாம் என்றேன். அதுவும் உண்மைதானே.

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வந்தவர் மருந்தின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் தலையாட்டுவாரே, அப்படி ஆட்டினார்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் ரொட்டிக்காரம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். முற்றத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. மழை விட்டதும் அவர் எழுந்து போனார்.

இந்த ஊரில் இனி என்னால் இருக்க முடியாது. உங்கள் வீட்டுக்கும் இப்போது வர வேண்டாம் என்று தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் வடக்கே செடிப் பண்ணை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்றாரே, அந்த முகவரியை அனுப்புங்கள்.

தங்கச்சி

*

1998 மார்ச் 8

தங்கச்சிக்கு,

நேற்று நானும் பெரியவரும் சிறைக்குப் போய்ச் சின்னவரைப் பார்த்துவிட்டு வந்தோம். போகலாம் என்று இவர்தான் சொன்னார்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவரைப் பார்த்து, இது நம் சின்னவர் இல்லை என்று நினைத்தேன். அவ்வளவு மெலிந்துவிட்டார். தலை பாதி நரை. "அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்றார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. அண்ணன் தம்பி ஏழு வருஷம் கழித்துப் பார்க்கிறார்கள். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சின்னவர்தான் ஆரம்பித்தார். "தூக்கமே இல்லண்ணா. ரெண்டு வருஷமா ஒழுங்கா கண்ணு மூடல. இங்க இருக்கிற டாக்டர்கிட்ட ஒரே ஒரு மாத்திரை கேட்டேன். சீட்டு எழுத மாட்டேன்னுட்டார்."

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "நல்ல டாக்டர்" என்றார். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ரொட்டிக்காரர் பெண்ணை நினைத்துக்கொண்டேன், பஸ்ஸில் வந்தவர்களை நினைத்துக்கொண்டேன். சின்னவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவங்க எல்லாரும் வராங்க அண்ணி. கண்ண மூடினா வரிசையா நிக்கிறாங்க. கடைக்கு வந்து நிக்கிற மாதிரியே" என்றார். அதற்கு நான் ஆறுதல் சொல்லக் கூடாது என்று நினைத்தேன்.

உன்மேல் அவருக்குக் கோபமா என்று நான் கேட்கவில்லை. அவரே பேச்சை எடுத்தார். நேரம் முடிந்து காவலர் தோளைத் தொட்டுவிட்டார். போகிற போக்கில் திரும்பி, "அண்ணி, அவ தூங்கறாளா?" என்றார்.

எழுதிக் கேட்கிறேன் என்றேன். அடுத்த மாதம் மறுபடி போகிறோம். என்ன சொல்லட்டும்?

அக்கா

*

1998 மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. மேலுடுப்புப் பையில் வைத்துக்கொண்டே வேலை செய்தேன், ஈரத்தில் மை கொஞ்சம் கலங்கிவிட்டது.

இங்கே கண்ணாடி வீடுகள். வெளியே பனி, உள்ளே ஆவி. விடியும்போது உள்ளே நுழைந்தால் எதிரில் வருபவர் யாரென்று தெரியாது, குரல் மட்டும் வரும். நாற்றுத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, வேர் அடியில் வெளியே வந்துவிட்டதை மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். மேற்பார்வை பார்க்கிற அம்மாவுக்குக் காது கேட்காது, அதனால் எல்லோரும் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்கிறோம். நானும் சத்தமாகப் பேசப் பழகிவிட்டேன். நீங்கள் கேட்டால் நம்ப மாட்டீர்கள்.

அவர் கேட்டதற்குப் பதில். இல்லை அக்கா, நான் அதிகம் தூங்குவதில்லை. படுத்ததும் கண் அசரும், சீக்கிரமே விழிப்பு வந்துவிடும். அப்புறம் வராது. முதலில் பயந்தேன். இப்போது எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ரொட்டிக்காரம்மாவின் பெண் வருவாள், படியை இரண்டிரண்டாகத் தாண்டி. வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். யாரும் என் கையில் எதையும் வைத்துத் தண்ணீர் கொடுப்பதில்லை. வெளிச்சம் வந்ததும் வேலைக்குப் போகிறேன்.

நன்றாகத் தூங்குகிறாள் என்று சொல்லி அவருக்கு ஆறுதல் தராதீர்கள். தூங்குவதில்லை என்று மட்டும் சொன்னாலும் ஆபத்து, எனக்கு என்ன கொடுக்கலாம் என்று உடனே யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் இப்படிச் சொல்லுங்கள்: "அவ முழிச்சிருக்கா."

அவருக்குப் புரியும். புரியாவிட்டால் அதற்கடுத்த மாதம் போகும்போது இன்னொரு தடவை சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி